நாற்காலியும் நேரமும்

பரங்கிமலை இராணுவ மருத்துவமனையை முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ‘எம்.எச்.’ என்றுதான் சொல்வார்கள். அடையாறு தாண்டி தரமணிப் பக்கம், டைடல் பூங்காவுக்கு அருகில் இருக்கும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், தென்சென்னைக்காரர்களுக்கு ‘வி.எச்.எஸ்.’. முதலாவதன் வாசலில் சீருடைக் காவல் உண்டு, அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டாவது, மருத்துவர் கே.எஸ்.சஞ்சீவி 1958இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. இரண்டையும் சேர்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. நான் சேர்த்துப் பார்க்கக் காரணம், இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் தேடியவை. சிறப்பு மருத்துவர்கள் சிலர்தான். அவர்களை எதிர்பார்க்கும் இடங்களோ பல. யாரை எங்கே உட்காரவைப்பது?

இராணுவத்தின் பதிலில் மருத்துவர் ஊருக்குச் சொந்தமானவர் இல்லை, படைக்குச் சொந்தமானவர். மேற்படிப்பு முடித்தவர் ‘கிரேடட் ஸ்பெஷலிஸ்ட்’ ஆகிறார், பிறகு ‘கிளாசிஃபைடு ஸ்பெஷலிஸ்ட்’, அனுபவம் முற்றியபின் ‘சீனியர் அட்வைசர்’. எந்த மருத்துவமனையில் எந்தத் துறைக்கு எத்தனை நாற்காலி என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. அந்த நாற்காலிகளில் ஆட்களை நிரப்புவது போஸ்டிங் உத்தரவு. இன்று பரங்கிமலையில் நோயாளி பார்க்கும் மருத்துவ வல்லுநர் அடுத்த ஆண்டு லே நகரின் 153ஆம் பொது மருத்துவமனைக்கோ ஸ்ரீநகரின் 92ஆம் பேஸ் மருத்துவமனைக்கோ போகலாம். அங்கிருந்து ஒருவர் நீலகிரியின் வெலிங்டனுக்கு வரலாம். பிள்ளைக்குப் பிளஸ் டூ தேர்வு என்றாலும் உத்தரவு வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்த முறையை வெறும் கெடுபிடி என்று நான் நினைக்கவில்லை. இந்தியாவில் சிறப்பு மருத்துவம் போயிருக்கும் திசையைப் பாருங்கள். இதய மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ தம் விருப்பப்படி இடம் தேர்ந்தால் சென்னையைத் தேர்வார், சென்னைக்குள்ளும் அடையாற்றையோ மயிலாப்பூரையோ தேர்வார். பனிமலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற இருபத்திரண்டு வயதுச் சிப்பாய்க்கு அந்த விருப்பத்தால் எந்தப் பயனும் இல்லை. அவனருகே ஒரு வல்லுநர் இருக்கிறார் என்றால் யாரோ அவரை அங்கே போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். உத்தரவுக்குத்தான் இந்த நியாயம் கைவரும். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி லேவின் நாற்காலிகளை ஆண்டு முழுதும் நிரப்பிவைப்பது கடினம்.

இதில் படைகளுக்கு நன்றாகத் தெரிந்த, குடிமக்கள் மருத்துவம் அடிக்கடி மறந்துவிடுகிற ஒரு நுணுக்கம் உண்டு. அறுவை நிபுணரை மட்டும் ஓரிடத்துக்கு அனுப்பினால் அங்கே அறுவை மருத்துவம் வந்துவிடாது. மயக்க மருந்து வல்லுநர் கூடவே போக வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எலும்பு மருத்துவருக்கு எக்ஸ்ரே, இதய மருத்துவருக்கு எக்கோ கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். அதனால்தான் களத்துக்கு அறுவைக் குழுவாக அனுப்புகிறார்கள். சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, ஜோடி சேராத வல்லுநர்களின் பற்றாக்குறை.

சென்னைக்கு இந்தக் கதை புதிதல்ல. ஜி.எச். என்று நாம் அழைக்கும் அரசு பொது மருத்துவமனை, 1664 நவம்பர் 16 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறு இடம். இன்றைய இடத்துக்கு அது வந்தது 1772இல். நகரின் மருத்துவமே படைவீரர் கிளினிக் ஒன்றிலிருந்து வளர்ந்தது என்று சொல்லலாம். பிற்காலத்தில் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் அதிகாரிகள் அடிப்படையில் படை மருத்துவர்களாக இருந்துகொண்டே அமைதிக் காலத்தில் ஜில்லா மருத்துவமனைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் நடத்தினார்கள். அரசின் கணக்கில் அவர்கள் போருக்கான சேமிப்பு. 1914இல் போர் மூண்டதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். ஜில்லா நாற்காலிகள் காலியாயின. இந்திய மருத்துவர்களுக்கு வழி திறந்தது. ஆனாலும் 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக ஆ.லட்சுமணசுவாமி முதலியார் வந்தது 1939இல்தான். ஒரு நாற்காலி யாருக்கு என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால், தகுதியானவர் நூறாண்டு வாசலில் நிற்க நேரும்.

வி.எச்.எஸ்.ஸின் சஞ்சீவி அந்த மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் கையில் போஸ்டிங் உத்தரவு கிடையாது. சம்பளத்தைக் காட்டி மூத்த வல்லுநர்களை இழுக்கும் பணமும் இல்லை. அவரிடம் இருந்தது நகரத்தைப் பற்றிய ஒரு கணிப்பு. நல்ல மருத்துவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுடைய முழு நாளும் கிடைக்காது, ஆனால் வாரத்தில் சில மணி நேரம் கிடைக்கும். ஆகவே அவர் ஆளைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்டார். ‘கௌரவ மருத்துவர்’ என்ற பழைய சென்னை வழக்கம் அதற்குக் கைகொடுத்தது. ஊதியம் இல்லாமலோ பேருக்குச் சிறுதொகை பெற்றோ மருத்துவர்கள் குறித்த கிழமையில் வந்து நோயாளி பார்த்தார்கள். மறுபுறம், குடும்பங்கள் வருமானத்துக்கேற்பச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவ உதவித் திட்டத்தை வைத்தார். நோய் வந்தபின் பில் நீட்டுவதைவிட, வருவதற்கு முன்பே சிறுதொகை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கொரு முறை உடலைப் பரிசோதிப்பது அதன் சாரம். மருத்துவக் காப்பீடு என்ற சொல்லே நடுத்தர வீடுகளில் புழங்காத காலம் அது.

நேரத்தைப் பங்கிட்டதோடு அவர் நிற்கவில்லை. கிராமங்களில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வி.எச்.எஸ். சிறு நல மையங்களை அமைத்தது. அங்கே மருத்துவர் பகுதிநேரமாகத்தான் வருவார். மற்ற நாட்களில் மையத்தைத் தாங்கியவர்கள் பயிற்சி பெற்ற ஆண், பெண் பணியாளர்களும் அந்தந்த ஊரின் முதலுதவிக்காரர்களும்தான். அரிதான மருத்துவரின் நேரம் யாருக்குத் தேவையோ அவரிடம் மட்டும் போய்ச் சேர, தேவையில்லாதவரைக் கனிவோடு கவனித்து அனுப்ப ஒருவர் வேண்டும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். இது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

ஜோடியின் அருமையும் வி.எச்.எஸ்.ஸில் விளங்கியது. சென்னை ஜி.எச்.சில் 1950இல் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய பி.ராமமூர்த்தி அரசுப் பணி ஓய்வுக்குப் பின் இங்கே வந்தார். அவர் வரவில் உருவானது ஒரு தனி மையம், அ.லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையம். ஒரு பெரிய பெயரை மட்டும் வெளிநோயாளிப் பிரிவில் உட்காரவைத்திருந்தால் இவ்வளவு நடந்திராது.

இங்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் சொல்லாமல் நகர முடியவில்லை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அதைத் திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள். மருத்துவர்கள் இருவர்தான். அதில் சேர்ந்த வி.சாந்தா அந்த வளாகத்திலேயே குடியிருந்து வாழ்நாளைக் கழித்தார். அவரைப் போன்றவர்களைப் பார்த்து வியக்கலாம், வணங்கலாம். அவர்களைக் கணக்கில் வைத்து ஒரு சுகாதார முறையை வகுக்க முடியாது. சாந்தாவின் வாரிசாக இன்னொரு சாந்தா வருவார் என்று எந்த அட்டவணையும் உறுதி தராது.

வி.எச்.எஸ். முறையின் பலவீனமும் இப்படித் தனிமனிதரின் மனத்தை நம்பியிருப்பதில்தான் இருக்கிறது. இனாமாக வரும் நேரத்தைக் கடிந்து கேட்க முடியாது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வர வேண்டியவர் தம் சொந்த மருத்துவமனையில் அவசர நோயாளி என்று பதினொன்றரைக்கு வந்தால் யார் கேட்பது? இராணுவத்தின் நாற்காலி காலியாக இருந்தால் அது காகிதத்தில் தெரியும், மேலிடத்துக்குக் கடிதம் போகும். கரைகிற அரை மணி நேரங்கள் எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ திறந்தபின் இந்த நகரில் வல்லுநர் ஒருவரின் ஒரு மணி நேரத்துக்குச் சந்தை விலை வந்துவிட்டது. அதற்கு முன் மாலைப் பிராக்டிஸ் போக மீந்த நேரத்தைத் தொண்டுக்குத் தருவது ஒரு தலைமுறையின் பழக்கம். அந்தப் பழக்கம் தளர்ந்ததில் விலைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இனி இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும் ஒன்றைப் பார்ப்போம். முன்னாள் படைவீரர்களின் பங்களிப்பு மருத்துவத் திட்டம், எல்லோரும் சொல்வது போல ஈ.சி.எச்.எஸ்., 2002 டிசம்பர் இறுதியில் அரசாணை பெற்று 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வு பெற்றவருக்கும் துணைவிக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் நாடு முழுதும் பாலிகிளினிக்குகள். முதலில் 227 அனுமதிக்கப்பட்டன. 2010இல் மேலும் 199 சேர்ந்து 426 ஆயின. சென்னை வட்டாரத்தில் தாம்பரம், ஆவடி போன்ற இடங்களில் இவை இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் எத்தனை முன்னாள் வீரர்கள் என்பதைக் கொண்டு கிளினிக்கின் வகை முடிவாகிறது. 20,000 பேருக்கு மேல் என்றால் ‘ஏ’, 10,000க்கு மேல் ‘பி’, 5,000க்கு மேல் ‘சி’, அதற்குக் கீழே ‘டி’; எட்டாத இடங்களுக்கு நடமாடும் வண்டி. வகைக்கேற்ப மருத்துவ வல்லுநர், மகப்பேறு வல்லுநர், பொது மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோருக்கு நாற்காலிகள்.

அட்டவணை இராணுவத்துடையது. ஆனால் அதில் உட்கார வேண்டிய மருத்துவரை யாரும் போஸ்டிங் செய்ய முடியாது. விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த விளம்பரங்களில் மருத்துவ வல்லுநருக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய், பொது மருத்துவருக்கு 75,000 ரூபாய் என்று இருந்தது. ஓய்வு பெற்ற மருத்துவருக்கு அது மரியாதையான தொகை. ஆனால் சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் இடம் கிடைக்கக்கூடிய நாற்பது வயது வல்லுநர் அதற்காக முழுநாளைத் தருவாரா? படையின் முறையிலிருந்து நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள், அதை நிரப்பும் உத்தரவை எடுத்துக்கொள்ள முடியவில்லை. சஞ்சீவி செய்தது போல நேரத்தைக் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் முழுநேர ஆளையே தேடுகிறார்கள். ஈ.சி.எச்.எஸ்.ஸின் பெரிய குறை பணத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அளவுகோல் பிசகிவிட்டது. வல்லுநர்கள் நிரம்பி வழியும் நகரத்தில், அவர்களே இல்லாத எல்லைப்புறத்துக்கு உரிய கணக்கைப் போடுகிறார்கள்.

தலைகளை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டில் பென்ஷனோடு வீடு திரும்பிவிடலாம். படைக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் பெயர் பெற்ற வேலூர் மாவட்டத்து ஊர்களில் நாற்பது வயதுக்குள் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ ஆனவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே மகப்பேறு வல்லுநரும் குழந்தை மருத்துவமும் உண்மையான தேவை. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய விமானப்படைக்காரர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், கணவரை இழந்த முதிய பெண்கள் அதிகம். அவர்களுக்கு வேண்டியவர்கள் கண், முழங்கால், காது, மறதி நோய் பார்ப்பவர்கள். பத்தாயிரம் என்ற எண் ஒன்றாக இருந்தாலும், வயதை மாற்றினால் தேவைப்படும் மருத்துவரே மாறிவிடுகிறார். அட்டைகளில் பிறந்த தேதி பதிவாகியிருக்கிறது. அதைக் கொண்டு கணக்கிட ஒரு மாலைப்பொழுது போதும்.

வல்லுநர்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதா, பல இடங்களில் பிரித்து வைப்பதா என்ற கேள்விக்குக் கணிதம் ஒரு பதில் சொல்கிறது. நான்கு கிளினிக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரே துறை மருத்துவர் ஒருவர். ஒரு நோயாளியைப் பார்க்கச் சராசரி 15 நிமிடம். நேரம் சொல்லாமல் முன்பின்னாக வரும் நோயாளிகளால் மருத்துவரின் பொழுதில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரப்படி ஒருவர் சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். அதே நால்வரையும் ஒரே கூரையின் கீழ் ஒரே வரிசைக்கு உட்காரவைத்தால் காத்திருப்பு ஏறத்தாழ 11 நிமிடம். மருத்துவர்கள் கூடவில்லை, நோயாளிகள் குறையவில்லை. ஓரிடத்தில் கூட்டம் நெரியும்போது பக்கத்துக் கிளினிக்கில் மருத்துவர் சும்மா இருக்கும் வீண் மட்டும் ஒழிந்தது. பெரிய இராணுவ மருத்துவமனைகளில் வல்லுநர்களைக் குவித்து, சிக்கலானவர்களைப் பெங்களூரின் விமானப்படை கமாண்ட் மருத்துவமனை, புனேயின் கமாண்ட் மருத்துவமனை என்று மேலே அனுப்பும் படிநிலைக்கு இந்தக் கணக்கு துணை நிற்கிறது.

ஆனால் இந்தச் சூத்திரம் கதவு வரைக்கும் வந்த நோயாளியைத்தான் எண்ணுகிறது. தென்சென்னையிலிருந்து பார்த்தால் படைத்துறையின் இடங்கள் ஓரங்களில் இருக்கின்றன. வடக்கே கோட்டை, மேற்கே பரங்கிமலை, தெற்கே தாம்பரம். மந்தைவெளிக்காரருக்குப் பரங்கிமலை தொலைவு. வி.எச்.எஸ். பக்கமோ மந்தைவெளியிலேயே பறக்கும் ரயில் ஏறி இந்திரா நகரில் இறங்கிவிடலாம். மாதம் ஒருமுறை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க இவ்வளவு தூரம் போகச் சொன்னால், மூன்றாவது மாதம் மருந்தை நிறுத்திவிடுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை மூளைக் கட்டிக்குப் போவதென்றால் பெங்களூரும் தூரமில்லை. அடிக்கடி வேண்டியதை வீட்டருகே பிரித்தும், அரிதாக வேண்டியதை ஓரிடத்தில் சேர்த்தும் வைக்க வேண்டும். இன்று பல இடங்களில் தலைகீழாக, மிகச் சாதாரண நோய்க்கும் ரெஃபரல் சீட்டோடு பெரிய மருத்துவமனைக்கு ஆள் போகிறது.

அந்தச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும். பாலிகிளினிக் மருத்துவர் எழுதித் தரும் ரெஃபரல்தான் திட்டத்தில் உண்மையான பங்கீடு. எம்.எச். இருக்கும் ஊரில், அங்கே அந்தத் துறையும் இடமும் இருந்தால் அங்கே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு. எந்த வல்லுநரின் நேரம் யாருக்குப் போகும் என்பதைத் தலைமையகம் போட்ட அட்டவணை முடிவு செய்வதாகத் தோன்றினாலும், காலை ஒன்பது மணிக்கு வரிசையில் அறுபதாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொது மருத்துவரின் பேனாதான் முடிவு செய்கிறது. முழங்காலைத் தொட்டுப் பார்த்து, உடற்பயிற்சி சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்ல அவருக்கு நேரம் வேண்டும், தைரியமும் வேண்டும். இரண்டும் இல்லாதபோது சீட்டு எழுதுவது சுலபம். சஞ்சீவியின் கிராம மையங்களில் பகுதிநேர மருத்துவருக்கு முன்னால் நின்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள் செய்த வேலை இதுதான். வல்லுநர் பற்றாக்குறையைத் தீர்க்க நான் முதலில் செலவிட விரும்பும் பணம், இந்தப் பொது மருத்துவருக்கும் அவரருகே உட்காரும் செவிலியருக்கும்.

2021 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் ‘சேஹத் ஓ.பி.டி.’ என்ற தொலைமருத்துவச் சேவையைத் தொடங்கியது. பணியிலிருப்பவரும் ஓய்வு பெற்றவரும் வீட்டிலிருந்தே படைத்துறை மருத்துவரிடம் திரையில் பேசலாம். கொரோனா நாட்களில் பிறந்த இந்த ஏற்பாடு, நான் மேலே சொன்ன இரண்டு முறைகளையும் ஒன்றாகத் தைக்கக்கூடியது. புனேயில் இருக்கும் சீனியர் அட்வைசரின் அரை மணி நேரம், உத்தரவும் ரயில் டிக்கெட்டும் இல்லாமல் மயிலாப்பூருக்கு வந்து சேரும். ஆனால் எண்பது வயதுப் பெண்மணி கைபேசியில் தனியாக அதைத் திறந்து, தம் நோயைத் தமக்குப் பழக்கமில்லாத மொழியில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது தவறு. பாலிகிளினிக்கிலேயே ஓர் அறையில் திரையை வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, பக்கத்தில் தமிழ் பேசும் செவிலியர் உட்கார்ந்தால் அது மருத்துவமாகும்.

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சிறு இடத்தை வாடகைக்கு எடுத்து, இந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் கண், எலும்பு, சர்க்கரை வல்லுநர்களிடம் வாரம் மூன்று மணி நேரம் வீதம் பணம் கொடுத்து வாங்க முடியும். இனாமாகக் கேட்க வேண்டாம். சந்தை விலையைக் கொடுத்துவிட்டால் தாமதமாக வந்ததைக் கேட்கவும் உரிமை உண்டு. முழுநேர நாற்காலி ஒன்றின் மாதச் சம்பளத்தில் இப்படி எத்தனை மணி நேரம் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கும் அதிகாரியை நான் மனதாரப் பாராட்டுவேன். எல்லைக்கு அனுப்ப வேண்டிய வல்லுநரை அதற்காகச் சென்னையில் கட்டிவைக்கவும் வேண்டியதில்லை.

தி.நகரில் இருக்கும் ஒரு படைவீரர் விதவைக்கு இன்று மாம்பலத்திலிருந்து பரங்கிமலை மூன்றாவது ஸ்டேஷன். சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்தது அதுதான். வரைபடத்தில் பார்த்தால் நல்ல வசதி என்றே எழுதிவிடுவார்கள். அவர் போவதோ முழங்கால் வலிக்கு, முதலில் ஏற வேண்டியதோ மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு.